முன்கதையிலிருந்து ஒரு கேம் சீரீஸைத் தொடங்கலாமா? புதிதாக ஆட வருபவர்களுக்கு ஒரு வழி

தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருந்த நெட் சென்டர்களில் 2005, 2006 வாக்கில் மணிக்கணக்கு போட்டு ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடிய பசங்களில் நானும் ஒருவன். நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது ஒரு முன்கதை, அதாவது ஏற்கெனவே வந்த கேமுக்கும் முந்தைய காலத்தில் நடக்கும் கதை, என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 2001-இல் வந்த ஜிடிஏ 3-இன் கதை அதே 2001-இல் நடக்கிறது. அடுத்த வருடம் வந்த வைஸ் சிட்டி பின்னால் போய் 1986-இல் நடக்கிறது. எங்கள் மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்த அதே 2004-இல் வந்த சான் ஆன்ட்ரியாஸ் 1992-இல் நடக்கிறது. வரிசையே தெரியாமல் ஆடினோம், ஒரு குறையும் தெரியவில்லை.

பல வருடம் கழித்து ஜிடிஏ 3-ஐ ஆடும்போது, ஒற்றைக் கையோடு ஆயுதம் விற்கும் ஃபில் என்ற ஆள் வந்தார். பார்த்தவுடன் எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. வைஸ் சிட்டியில் ஃபில் காசிடி காய்ச்சிய சரக்கு வெடித்து அவர் கை போனபோது, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, திரை முழுக்கப் போதையில் ஆடிக்கொண்டிருக்க, தட்டுத்தடுமாறி ஓட்டிப் போய்க் காப்பாற்றியது நான்தானே! முதலில் ஜிடிஏ 3 ஆடியவர்களுக்கு இது நேர் எதிராக நடந்திருக்கும். அவர்களுக்கு முதலில் ஒற்றைக் கை தெரியும், அப்புறம்தான் காரணம் தெரியும். எனக்கு முதலில் காரணம், பிறகு கை. இரண்டுமே சந்தோஷம்தான், ஆனால் வேறு வேறு சந்தோஷம். முன்கதையிலிருந்து தொடங்குவதா வேண்டாமா என்ற கேள்வி முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த என் சித்தி பையன் முதல் தடவையாக நல்ல லேப்டாப் ஒன்று வாங்கிவிட்டு, "அண்ணா, யாகுசா 0-ல இருந்து ஆரம்பிக்கலாமா, இல்ல ஒன்னுல இருந்து வரணுமா?" என்று கேட்டான். யாகுசா என்பது ஜப்பானிய ரவுடிக் கூட்டங்களைப் பற்றிய கேம் சீரீஸ், 0 அதன் முன்கதை. அவனுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். அவனை மாதிரி இன்னும் நிறைய பேர் இந்த இடத்தில் நிற்கிறார்கள்.

கட்டியக்காரன் இருக்கிறானா என்று பாருங்கள்

நம் பக்கத்துக் கூத்தைவிட இதற்கு நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது எல்லோரும் எல்லா இரவும் உட்காருவதில்லை. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நாளுக்கு ஒரு கூட்டம் வரும், துரியோதனன் படுகளத்துக்கு இன்னொரு கூட்டம் வரும். நடுவில் வந்து உட்கார்ந்தவருக்கும் கதை புரிகிறது என்றால் அதற்குக் காரணம் கட்டியக்காரன். வருவது யார், எதற்காக வருகிறார், இதற்கு முன் என்ன நடந்தது என்று அவன் சொல்லிவிடுவான். நல்ல முன்கதைக் கேமுக்குள்ளும் இப்படி ஒரு கட்டியக்காரன் ஒளிந்திருப்பான். புது ஆள் ஒருவர் வந்தவுடன் அவர் யாருக்கு என்ன உறவு, யாருக்குக் கீழே யார் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடும். அவன் இல்லாத முன்கதைகளும் உண்டு. ஒரு முகத்தைக் காட்டி, பின்னணி இசையை ஏற்றி, நீங்கள் "ஆ, இவரா!" என்று சொல்ல வேண்டுமென்று காத்திருக்கும். அது ஏற்கெனவே பார்த்தவர்களுக்காகப் போட்ட ஆட்டம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: யாராவது ஆடிப் பதிவேற்றிய வீடியோவில் முதல் இருபது நிமிடத்தை மட்டும் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். அந்த இருபது நிமிடத்தில் கதாநாயகன் யார், அவனுக்கு என்ன வேண்டும் என்று உங்களால் ஒரு வரியில் சொல்ல முடிந்தால் சரி, உள்ளே போகலாம்.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியம். முதலில் வந்த கேமின் மர்மம் எது? அந்த மர்மமே முன்கதையின் கதாநாயகனாகவோ நாயகியாகவோ வருகிறதா? அப்படியென்றால் முன்கதையை முதலில் தொடவே தொடாதீர்கள். லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் என்று 2015-இல் வந்த கேமில் ரேச்சல் என்ற பெண்ணைக் காணவில்லை. அவள் யார், எப்படிப்பட்டவள் என்பது கதை முழுக்க ஒரு கேள்வியாகவே கூட வருகிறது. 2017-இல் வந்த அதன் முன்கதை பிஃபோர் த ஸ்டார்ம் அந்த ரேச்சலையே பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வைத்துவிடுகிறது. நான் முன்கதையைத்தான் முதலில் ஆடினேன். அருமையான கேம், ஆனால் அதன்பிறகு முதல் கேமில் எல்லோரும் தேடும் பெண்ணை எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். தேடலின் தவிப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை, இன்றைக்கும் அந்த வருத்தம் இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டசி 7-க்கும் இதே கதிதான். 1997-இல் வந்த அந்தக் கேமில் கதாநாயகனின் கடந்த காலமே பெரிய புதிர். அதன் முன்கதையான கிரைசிஸ் கோர் அந்தப் புதிரின் விடையைக் கையில் கொடுத்துவிடும். அது 2022-இல் பளபளவென்று புதுப்பிக்கப்பட்டு வந்திருப்பதால் நிறைய பேர் அதிலேயே தொடங்குகிறார்கள். வேண்டாம்.

மூன்றாவது, எந்த வருடம் வந்தது என்பது. முன்கதை என்பது கதையில் முன்னால், தயாரிப்பில் பின்னால். அதனால் முன்கதையை ஆடிவிட்டு "அடுத்த" கேமுக்குப் போனால் நீங்கள் தொழில்நுட்பத்தில் பின்னால் போகிறீர்கள். ஹேலோ ரீச் 2010-இல் வந்தது, அதில் ஓடலாம், முதுகில் ஜெட் கட்டிப் பறக்கலாம். கதைப்படி அதன் தொடர்ச்சியான முதல் ஹேலோ 2001-இல் வந்தது, அதில் வேகமாக ஓடும் பொத்தானே கிடையாது. கதை இரண்டுக்கும் இடையில் அவ்வளவு அழகாக ஒட்டுகிறது, கைக்கு மட்டும் ஒட்டாது. முதல் கேமுக்கு, முன்கதை வந்த பிறகு ரிமேக் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும்.

என் கணக்கில் எவை சரி, எவை வேண்டாம்

தாராளமாக முன்கதையிலிருந்து தொடங்கலாம் என்று நான் சொல்பவை: யாகுசா 0, மெட்டல் கியர் சாலிட் 3, டெவில் மே க்ரை 3, டியூஸ் எக்ஸ் ஹியூமன் ரெவல்யூஷன். மெட்டல் கியர் 3 நடப்பது 1964-இல், அந்த சீரீஸின் மற்ற முக்கியக் கதைகளுக்கெல்லாம் முன்னால். 2025-இல் ரிமேக்கும் வந்துவிட்டது. ஹியூமன் ரெவல்யூஷன் 2000-இல் வந்த முதல் டியூஸ் எக்ஸ் கதைக்கு இருபத்தைந்து வருடம் முன்னால் நடக்கிறது, கதாநாயகனே புதிய ஆள் என்பதால் எதையும் தெரிந்துகொண்டு வர வேண்டியதில்லை.

பேட்மேன் ஆர்க்கம் ஆரிஜின்ஸை மட்டும் பெயரைப் பார்த்து ஏமாந்து முதலில் எடுக்காதீர்கள். 2009-இல் வந்த ஆர்க்கம் அசைலத்திலிருந்து தொடங்குங்கள். அது ஒரே தீவுக்குள் நடக்கும் சின்ன, இறுக்கமான கேம். ஆரிஜின்ஸில் நகரம் முழுக்கப் பறந்து பழகிவிட்டு அங்கே வந்தால் கூண்டில் அடைத்த மாதிரி இருக்கும். அசைலத்தில் தொடங்கினால் அந்தச் சின்ன இடமே ஒரு பயத்தைக் கொடுக்கும்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் லேப்டாப் வாங்கியவுடன் எல்லோரும் கேட்பது இதைத்தான். பெயரில் 2 இருக்கிறது, ஆனால் கதை 1899-இல். 2010-இல் வந்த முதல் கேமின் கதை 1911-இல். முதல் கேமில் ஜான் மார்ஸ்டன் தன் பழைய கூட்டாளிகளைத் தேடி வேட்டையாடுகிறார். 2018-இல் வந்த இரண்டாம் கேமில் அந்தக் கூட்டாளிகளெல்லாம் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் ஒரே குடும்பம். வேட்டையை முதலில் பார்த்துவிட்டுக் குடும்பத்தைப் பார்ப்பதா, குடும்பத்தோடு இருந்துவிட்டு வேட்டைக்குப் போவதா? நான் இரண்டாவதைச் சொல்வேன். இரண்டாம் கேமிலிருந்தே தொடங்குங்கள். ஆனால் மூன்று விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்று, முதல் அத்தியாயம் முழுக்கப் பனிமலையில் மெதுவாக நகரும், நிறைய பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். கூட்டம் மலையிறங்கிப் பச்சைப் புல்வெளிக்கு வரும் இரண்டாம் அத்தியாயம்வரை பொறுத்திருங்கள், கேம் உண்மையில் அங்கேதான் திறக்கிறது. இரண்டு, இதன் கதாநாயகன் ஆர்தர் மார்கன் மேல் உங்களுக்கு வரப்போகும் பாசத்தை முதல் கேமில் தேடாதீர்கள். அங்கே அவர் பெயரை ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். காரணம் எளிது, அந்தக் கேம் எழுதப்பட்டபோது ஆர்தர் என்ற பாத்திரமே பிறக்கவில்லை. தெரியாமல் போனால் மனசு வலிக்கும், அதனால் சொல்கிறேன். மூன்று, முதல் கேம் கம்ப்யூட்டருக்கு 2024 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பழைய ஆலோசனைகளில் "கம்ப்யூட்டரில் முதல் பாகம் கிடையாது" என்றிருக்கும், அதை நம்ப வேண்டாம்.

வாங்குவதற்கு முன்

இடம் பாருங்கள். ரெட் டெட் 2-க்கு 150 ஜிபி வேண்டும். போனில் ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக் போட்டு ஹாட்ஸ்பாட் வைத்து இறக்கினால், வேறு எதையும் பார்க்காமல் இருந்தாலும், 75 நாள் ஆகும். வீட்டில் ஃபைபர் லைன் இருந்து 40 எம்பிபிஎஸ் வேகம் வந்தால் எட்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும், இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம். பென்னாகரம் மலைப்பக்கமோ தேன்கனிக்கோட்டைக்கு மேலேயோ இருப்பவர்களுக்கு இந்த இரண்டுமே சிரமம். அவர்களுக்கு ஒரு வழி உண்டு. டவுனில் இருக்கும் நண்பர் ஒருவரும் அதே கேமை ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியிருந்தால், அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும் கேம் ஃபோல்டரை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து வந்து உங்கள் ஸ்டீம் ஃபோல்டரில் அதே இடத்தில் வைத்துவிட்டு, நீங்கள் வாங்கிய கணக்கில் இன்ஸ்டால் அழுத்துங்கள். இருக்கும் ஃபைல்களைச் சரிபார்த்துவிட்டு, விடுபட்டதை மட்டும் இறக்கிக்கொள்ளும். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருந்தால் ஸ்டீமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் கொடுக்கும்.

காசு விஷயத்தில், ஸ்டீமில் விலை ரூபாயிலேயே இருக்கும், யுபிஐ வழியாகக் கட்டலாம். அவசரப்படாதீர்கள். கோடையிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும், இந்தப் பழைய சீரீஸ்களெல்லாம் அப்போது நன்றாக இறங்கும். ஒரே சீரீஸின் எல்லா கேமையும் கட்டாக வாங்கி வைக்கவும் வேண்டாம், முதலில் ஒன்று. வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை உங்கள் கம்ப்யூட்டர் தாங்குகிறதா என்று பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கதை பிடிக்கிறதா என்பதை அதற்குள் முடிவு செய்ய முடியாது, முக்கியமாக யாகுசா 0-வில். அதில் முதல் இரண்டு மணி நேரம் பெரும்பாலும் காட்சிகளாகவே ஓடும்.

கரண்ட் போகும் ஊர் என்றால், எங்கே சேவ் ஆகிறது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, கதை வெளியே தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. கேரக்டர் பெயரைத் தேடுபொறியில் அடிக்கவே அடிக்காதீர்கள். பெயரை அடித்தவுடனேயே "மரணம்" என்று அதுவாகவே நிரப்பிக் காட்டும். ரசிகர்கள் எழுதும் விக்கிப் பக்கங்களில் ஒரு பாத்திரத்தின் படத்துக்குக் கீழேயே அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று போட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் ஏற்கெனவே ஆடிய ஒருவரிடம் கேளுங்கள். கேட்கும்போதே "கதையைச் சொல்லாத, எந்த வரிசைன்னு மட்டும் சொல்லு" என்று சொல்லிவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்கதையிலிருந்து தொடங்கும் புதியவருக்கு மட்டுமே கிடைக்கும் ஒன்று இருக்கிறது, அது பயம். பழைய ரசிகர்கள் யாகுசா 0 ஆடும்போது இந்தந்த ஆள் சாக மாட்டார் என்று அவர்களுக்கு முன்பே தெரியும், அடுத்த கேம்களில் பார்த்தாயிற்றே. உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு துப்பாக்கியும் உங்களுக்கு உண்மையான துப்பாக்கி. அதை ஒரு தேடலில் தொலைத்துவிடாதீர்கள்.

யாகுசா 0: முதல் பத்து மணி நேரம்

இது பெரியவர்களுக்கான கேம், வன்முறையும் ஆபாசமும் உண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது ஹாலில் வைத்து ஆட வேண்டாம்.

கதை 1988 டிசம்பரில் தொடங்குகிறது. டோக்கியோவில் கமுரோச்சோ, ஒசாகாவில் சோட்டென்போரி என்று இரண்டு கற்பனைப் பேட்டைகள். முதலாவது நிஜ கபுகிச்சோவையும் இரண்டாவது டோட்டோன்போரியையும் பார்த்து வடித்தவை. ஜப்பானில் நிலத்தின் விலை கண்மண் தெரியாமல் ஏறிய காலம் அது. கமுரோச்சோவின் நடுவில் யாருக்குச் சொந்தம் என்றே தெரியாத ஒரு சின்னத் துண்டு நிலம். அது கையில் இருந்தால்தான் அந்தப் பேட்டையை இடித்து மறுபடி கட்டும் திட்டம் நகரும் என்பதால் அத்தனை ரவுடிக் கூட்டமும் அதற்காக அடித்துக்கொள்கிறது. ஓசூர் பக்கம் நில விலை ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்தப் பகை புரிய அரை நிமிடம் ஆகாது. அந்த நிலத்தில் ஒரு ஆளை மிரட்டிக் கடன் வசூலித்துவிட்டு வருகிறான் இருபது வயது கிரியூ. அதே ஆள் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். பழி கிரியூ மேல். இதுதான் தொடக்கம், இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நிஜமாகவே சொல்கிறேன். முதல் ஒரு மணி நேரத்தில் வரும் பெயர்களில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மேலே டோஜோ கிளான், அது தலைமை. அதற்குக் கீழே டோஜிமா குடும்பம், அதை மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டோஜிமாவுக்குக் கீழே கிரியூவை வளர்த்த கஸாமாவின் குடும்பம், அது ஒன்றியம் மாதிரி. டோஜிமாவின் பக்கத்தில் குஸே, அவானோ, ஷிபுசாவா என்று மூன்று தளபதிகள், மூன்று பேருக்கும் ஒரே நாற்காலி மேல் கண். கிரியூவின் உயிர் நண்பன் நிஷிகியாமா. இந்த ஏழெட்டுப் பெயரையும் ஒரு பக்கத்தில் மரம் மாதிரி வரைந்து வைத்தால் போதும், மீதியைக் கேமே சொல்லிக் கொடுக்கும். கட்டியக்காரன் இதில் நன்றாகவே வேலை செய்கிறான்.

பேச்சு ஜப்பானிய மொழியில், கீழே ஆங்கில எழுத்து. ஆங்கிலக் குரல் வேண்டுமென்றால் 2025-இல் வந்த டைரக்டர்ஸ் கட் என்ற புதுப்பதிப்பில் உண்டு, ஆனால் நான் ஜப்பானியக் குரலையே சொல்வேன், அதற்கு ஒரு தமிழ்க் காரணம் இருக்கிறது. எழுத்தில் வெறும் "ப்ரோ" என்று வரும் இடத்தில் காதில் "அனிகி" என்று விழும். அனிகி என்றால் அண்ணன், கூடப் பிறந்தவன் மட்டுமல்ல, கூட்டத்தில் மூத்தவனும்தான். தலைவரை "ஓயாஜி" என்பார்கள், அதாவது அப்பா. மரியாதை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் துணிகிறான் என்பதை நம் காது தானாகப் பிடித்துக்கொள்ளும், நாமும் அண்ணன், ஐயா என்று உறவு வைத்துப் பேசுகிறவர்கள்தானே. எழுத்து வேகமாக ஓடுகிறது என்று தோன்றினால் காட்சியின் நடுவிலேயே நிறுத்திப் படிக்கலாம்.

மொத்தம் பதினேழு அத்தியாயம். முதல் இரண்டு கிரியூவுடையது, மூன்றாவதில் திடீரென்று ஊரும் மாறும், ஆளும் மாறும், மஜிமா வருவார். ஒற்றைக் கண்ணோடு சோட்டென்போரியில் ஒரு பெரிய கேளிக்கை விடுதியை நடத்திக்கொண்டிருப்பார். அப்புறம் இரண்டு இரண்டாக மாறி மாறிப் போகும். கிரியூவைப் பாதியில் விட்டுவிட்டார்களே என்று அந்த இடத்தில் எரிச்சல் வரும். வரட்டும், மஜிமா உள்ளே வரும் காட்சியை மட்டும் பார்த்துவிடுங்கள், எரிச்சல் போய்விடும்.

நகரத்தில் சுற்றும்போது சேவ் செய்வது தெருவோர டெலிபோன் பூத்தில். நம் ஊரில் எஸ்டிடி பூத் இருந்த காலத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பச்சைப் போனைப் பார்க்கவே நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு பூத் பக்கம் போய் வாருங்கள். லேப்டாப்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

புதிதாக ஆடுபவர் முதல் தடவை ஈஸியில் வைத்தால் ஒரு தப்பும் இல்லை. கன்ட்ரோலர் இருந்தால் நல்லது, கீபோர்டில் சண்டை கொஞ்சம் சிரமம். கிரியூவுக்கு மூன்று சண்டை முறை, மஜிமாவுக்கு மூன்று. எல்லாவற்றிலும் பணத்தைச் சிதறடிக்காமல் பிடித்த ஒன்றில் முதலில் போடுங்கள். ஆம், இதில் திறமையைக் காசு கொடுத்துத்தான் வளர்க்க வேண்டும். அதனாலேயே ஒரு எச்சரிக்கை: வீதியில் மலை மாதிரி ஒரு ஆள் நடந்து வருவார், மிஸ்டர் ஷேக்டவுன். அவரிடம் தோற்றால் கையில் இருக்கும் பணம் மொத்தமும் போய்விடும். ஆரம்பத்தில் அவரைப் பார்த்தால் ஓடுங்கள்.

கிளைக்கதைகள் நூறு இருக்கின்றன. வழியில் யாராவது கூப்பிட்டால் நின்று கேளுங்கள், ஆனால் பட்டியல் வைத்துக்கொண்டு தேடி அலைய வேண்டாம். முதன்மைக் கதை மட்டும் சுமார் 30 மணி நேரம் வரும். ஷிப்ட் வேலைக்குப் போகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் என்றால்கூட இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம். கிளைக்கதைகளில் மூழ்கிப்போய் ஒரு மாதம் முதன்மைக் கதையைத் தொடாமல் இருந்தால் யார் யாரைக் கொல்லத் தேடினார்கள் என்பது மறந்துபோகும். ஒரு அத்தியாயம், அதற்குப் பிறகு இரண்டு மூன்று கிளைக்கதை, மறுபடி அத்தியாயம் என்று போவது எனக்குச் சரியாக வந்தது.

அடுத்த கேமுக்குப் போகும்போது

முடித்தவுடன் அன்றைக்கு ராத்திரியே அடுத்ததைத் தொடங்காதீர்கள். இரண்டு வாரமாவது விடுங்கள். அடுத்ததும் அதே கமுரோச்சோ, அதே தெருக்கள். உடனே போனால் தெரு சலித்துவிடும், கொஞ்சம் கழித்துப் போனால் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்.

அடுத்தது யாகுசா கிவாமி. 2005-இல் வந்த முதல் கேமின் ரிமேக், 0-வுக்கு அடுத்த வருடம் அதே அடித்தளத்தில் செய்தது. யாகுசா 0-வை முன்கதை என்ற தயக்கமே இல்லாமல் நான் முதலில் கொடுப்பதற்குப் பெரிய காரணம் இதுதான், கை பழகியது வீணாகாது. கதை 1995-இல் தொடங்கி, கிரியூ சிறைக்குப் போய், பத்து வருடம் தாண்டி 2005-க்கு வரும். நீங்கள் 0-வில் வளர்த்த திறமையெல்லாம் இல்லாமல் மறுபடி கீழிருந்து தொடங்குவீர்கள், பத்து வருடம் சிறையில் இருந்தவனுக்கு அது பொருத்தம்தான். 0-வைவிடச் சின்னது, கிளைக்கதைகள் அவ்வளவு சுவையாக இருக்காது, எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மஜிமா இங்கே ஆளே மாறியிருப்பார். 0-வில் உள்ளுக்குள் வைத்துப் புழுங்கியவர் இங்கே கூச்சலும் கத்தியுமாக வருவார். உண்மையில் இந்த மஜிமாதான் முதலில் எழுதப்பட்டவர், அந்த அமைதியான மஜிமாவைப் பத்து வருடம் கழித்து யோசித்து எழுதினார்கள். ஆர்தர் பெயர் காணாமல் போனதும் இதுவும் ஒரே வகைதான், ஆனால் இங்கே ஒட்டுப்போட்ட இடம் நன்றாகவே ஒட்டியிருக்கிறது.

பிறகு கிவாமி 2. அதில் அடித்தளமே மாறிவிடும், சண்டை வேறு மாதிரி இருக்கும், இரண்டு மணி நேரத்தில் பழகிவிடும். அதற்கு அடுத்து வரும் 3-தான் உண்மையான மேடு, ஏனென்றால் நான் சொல்வது அதன் ரீமாஸ்டரை, அது 2009-இல் வந்த பழைய கேமுக்கு மேல் பூசிய மெருகுதான். அங்கே மூச்சு வாங்கினால் நிறுத்திவிட்டு 2020-இல் வந்த யாகுசா லைக் எ டிராகனுக்குப் போகலாம். கதாநாயகன் புதியவர், இச்சிபான். சண்டையும் முறை வைத்து அடிக்கும் வகை. அதற்குள் போகப் பழைய கதை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பழைய ஆட்கள் சிலர் வரும்போது உங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு துள்ளல் இருக்கும்.

கிவாமி முடித்த பிறகு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். யாகுசா 0-வைத் திறந்து, புது ஆட்டம் அழுத்தி, முதல் அத்தியாயத்தில் கிரியூவும் நிஷிகியாமாவும் கமுரோச்சோவில் ஒன்றாகச் சுற்றும் அந்த இரவை மட்டும் மறுபடி ஆடுங்கள். சித்தி பையன் போன ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அண்ணா, இவங்க ரெண்டு பேரும் இப்ப சிரிச்சுகிட்டு இருக்காங்கண்ணா" என்றான்.